பேனா ஓடாத வேளை

சங்கத்தின் ஆண்டு மலருக்காக விளம்பரம் சேகரிக்கச் சென்ற அன்பர்கள் யாவரும் ஒரு விந்தையைக் கண்டிருப்பார்கள். கடைக்காரர் பணம் தருவதற்குத் தயங்குவதில்லை. அரைப் பக்கம் என்றால் அரைப் பக்கம், பின் அட்டை என்றால் பின் அட்டை. காசோலையை அப்போதே எழுதிக் கையில் கொடுத்துவிடுவார். "விளம்பரத்தில் என்ன போடலாம், ஐயா?" என்று கேட்ட மாத்திரத்தில்தான் அவர் முகம் வாடும். "அடுத்த வாரம் எழுதி அனுப்புகிறேன்" என்பார். அடுத்த வாரம் மூன்று வாரங்களாகும். அச்சகத்தார் அவசரப்படுத்துவார்கள். முடிவில் அந்தப் பக்கத்தில் "நல்வாழ்த்துக்களுடன்" என்ற ஒரே சொல்லும், அதன் கீழே கடையின் பெயரும், தொலைபேசி எண்ணும் அச்சாகி வெளிவரும்.

உங்கள் இல்லத்துப் பரணில் பழைய மலர்கள் இருந்தால் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். பக்கம் பக்கமாக நல்வாழ்த்துக்கள்! யார் நம்மை வாழ்த்துகிறார்கள், அவர்கள் அரிசி விற்கிறார்களா, ஆயுள் காப்பீடு செய்கிறார்களா என்பது பல இடங்களில் விளங்காது. நல்ல பணம் கொடுத்து, நல்ல தாளில், எழுத வராமையை அச்சிட்டு வைத்திருக்கிறோம்.

இது தமிழறிவின் குறையன்று என்பதை நாம் உறுதியாகச் சொல்வோம். அந்தக் கடைக்காரரே வாடிக்கையாளர் ஒருவர் படியேறி வந்துவிட்டால், "இந்தத் துவரம்பருப்பு இன்று காலையில்தான் வந்தது, மாமி, அரை மணியில் மலர்ந்துவிடும், போன மாதத்துப் பருப்பு வேகவில்லை என்றீர்களே, அது வேறு ஊர்ச் சரக்கு" என்று மடைதிறந்தாற்போலப் பேசுவார். பேச்சில் ஓடும் நா, தாளைக் கண்டதும் கட்டுண்டு போகிறது. ஏன்?

இக்கேள்வியோடு நமக்கு நெடுநாளைய உறவுண்டு. பம்பாய் என்று இந்நகரம் வழங்கப்பெற்ற 1984-ஆம் ஆண்டில் கோட்டைப் பகுதியில் இருந்த ஒரு விளம்பர நிலையத்தில் தமிழ்ப் பிரிவில் சேர்ந்து, 26 ஆண்டுகள் அதே வேலையில் கழித்தோம். அங்கே விளம்பரத்துக்குரிய எழுத்தைக் 'காப்பி' என்பார்கள். சேர்ந்த முதல் வாரத்தில் மேலாளர் நம்மிடம் வந்து, "காப்பி தயாரா?" என்று வினவியபோது, அவருக்குப் பசும்பாலில் கலந்த காப்பி வேண்டுமோ என்று நாம் ஒரு கணம் எண்ணியதுண்டு. பின்னர் இரண்டு காப்பிகளும் ஒன்றையொன்று நம்பியே வாழ்கின்றன என்பதை அனுபவத்தில் கண்டோம்.

விளம்பரம் எழுதுவது எழுத்தாகாது என்று கருதுவோர் இன்றும் உளர். அவர்களோடு வழக்காட இது இடமன்று. 1928-இல் ஆனந்த விகடனை விலைக்கு வாங்கி வளர்த்த எஸ். எஸ். வாசன் அதற்கு முன் விளம்பரத் தொழிலில் இருந்தவர்; சத்யஜித் ராய் 1943-இல் கல்கத்தாவில் ஒரு விளம்பர நிலையத்தில் சித்திரம் வரையச் சேர்ந்தவர் என்பவற்றை மட்டும் நினைவூட்டி மேலே செல்வோம்.

கவிஞருக்குச் சொல் வராவிட்டால் வரும்வரை காத்திருக்கலாம். அதற்கு அவரை யாரும் கடிந்துகொள்வதில்லை. விளம்பரம் எழுதுவோனுக்கு அந்தச் சலுகை இல்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பத்திரிகைக்குப் போயாக வேண்டும். இடமோ சதுர சென்டிமீட்டர்க் கணக்கில் விலை பேசப்பட்டது. ஒவ்வொரு சொல்லும் காசு. இந்த அச்சத்தில் பேனா என்ன செய்யும் என்றால், முதலில் கைக்கு எட்டுகின்ற அடைமொழிகளைப் பற்றிக்கொள்ளும். தரமான, சுவையான, சுகாதாரமான, நம்பகமான, பாரம்பரியமிக்க. இச்சொற்களில் தவறொன்றும் இல்லை. ஆனால் இவை ஊறுகாய்க்கும் பொருந்தும், உணவு விடுதிக்கும் பொருந்தும், பல் மருத்துவமனைக்கும் ஒருவாறு பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்துகின்ற சொல் எதைப் பற்றியும் சொல்வதில்லை. எழுதுவோனுக்கும் அது உள்ளூரத் தெரியும். ஆகவே எழுதியதை அடிப்பான். மீண்டும் அதே ஐந்து சொற்களை வேறு வரிசையில் எழுதுவான். மீண்டும் அடிப்பான். பிறகு சன்னலைப் பார்ப்பான்.

ஓய்வுபெற்ற பின் நமக்கு நேர்ந்த ஓர் அனுபவம் இதனைத் தெளிவாகக் காட்டும்.

செம்பூரில் நம் குடியிருப்புக்கு இரண்டு தெரு தள்ளி, அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஓர் அம்மையார் இருக்கிறார். கணவருக்கு ஆலை வேலை போய்விட்டது. அம்மையார் வடகம், வற்றல், மோர் மிளகாய் முதலியவற்றை வீட்டிலேயே செய்து, தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்கு விற்று வந்தார். பெரிய அங்காடிகளில் பளபளக்கும் உறைகளில் அடைத்த வடகம் குறைந்த விலைக்குக் கிடைக்கத் தொடங்கியதும் அவருடைய வாடிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. மகள் செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. ஜூன் மாதம் கல்லூரிக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். அந்தப் பருவத்தில் வடகம் விற்றால் கட்டணம். விற்காவிட்டால் மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஏதேனும் கடையில் வேலைக்குப் போவது என்று வீட்டில் பேச்சாகிவிட்டது. பொங்கல் மலரில் கால் பக்கம் விளம்பரம் போடலாம் என்று யாரோ சொல்ல, அதற்குரிய தொகையைச் சிறு சிறு நோட்டுகளாகச் சேர்த்து எடுத்துக்கொண்டு, "அண்ணாச்சி, நீங்கதான் எழுதித் தரணும்" என்று நம் இல்லத்துக்கு வந்தார்.

26 ஆண்டுகள் இதே தொழில் செய்த நமக்கு ஒரு கால் பக்கம் எம்மாத்திரம் என்று நம் இல்லத்தார் எண்ணினார்கள். நான்கு நாட்கள் எழுத வரவில்லை. பெரிய நிறுவனத்துக்கு எழுதியபோது வராத ஓர் அச்சம் அந்தச் சிறு நோட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் வந்தது. "கைப்பக்குவம் மாறாத" என்று எழுதினோம், அடித்தோம். "அம்மாவின் கைமணம்" என்று எழுதினோம். அதையே அங்காடி உறையிலும் அச்சிட்டிருப்பதை நினைத்து அடித்தோம்.

ஐந்தாம் நாள், அம்மையார் மாதிரிக்காகச் சிறிதளவு வடகம் போடுவதாகச் சொல்லியிருந்தபடியால், விடியற்காலை நான்கரை மணிக்கு அவர் இல்லத்துக்குச் சென்று ஒரு முக்காலியில் அமர்ந்துகொண்டோம். எழுதவில்லை, பார்த்தோம், கேட்டோம். முதல் நாள் ஊறவைத்து அரைத்த அரிசி மாவு அடுப்பில் கூழாகிக்கொண்டிருந்தது. பச்சைமிளகாயும் பெருங்காயமும் எலுமிச்சையும் சேர்ந்த மணம் மாடிப்படி வரை வந்தது. உப்பைச் சற்றுக் குறைத்தே போட்டார். ஏன் என்று கேட்டோம். "காய்ஞ்சா உப்பு ஏறும்லா, அண்ணாச்சி" என்றார். கூழ் கெட்டியாகி ஆறு மணிக்கெல்லாம் மொட்டைமாடிக்குப் போயிற்று. பழைய வேட்டியை விரித்து நாழியால் பிழிந்தார். ஊரில் இரண்டு வெயிலில் காய்வது இந்தக் கடற்காற்றில் மூன்று வெயில் கேட்கிறது என்றார். காய்ந்தபின் வேட்டியின் முதுகில் தண்ணீர் தெளித்து உரிப்பதையும், ஒவ்வொரு ஈட்டிலும் முதலில் நான்கைந்தை எண்ணெயில் போட்டுப் பார்ப்பதையும் விவரித்தார். நன்றாகப் பொரியாவிட்டால்? "அது எங்க வீட்டுக்கு" என்று சிரித்தார். பொரியாத வடகத்தைத் தின்று வளர்ந்த பிள்ளைகள் அங்கே படித்துக்கொண்டிருந்தன.

காக்கை விரட்டிக்கொண்டே நாம் கேட்டோம்: "மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள், அம்மா?"

"போடமாட்டேன், அண்ணாச்சி. சனங்க கேப்பாங்க. அடுப்புச் சூட்டுல, காத்தாடிக்குக் கீழ வச்சுக் காயவச்சுக் குடுக்கலாம்தான். வெயில் குடிக்காம அது என்ன வடகம்? ஜூன் ரெண்டாம் வாரத்துல இருந்து அக்டோபர் வர இல்லன்னு சொல்லிருவேன். இத மட்டும் எழுதிராதீங்க; இல்லாத சாமானுக்கு எதுக்கு விளம்பரம்னு நினைப்பாங்க."

அவர் எழுத வேண்டாம் என்று சொன்னதுதான் எழுத வேண்டியது என்பது அந்தக் கணமே நமக்குப் புலப்பட்டது. வீட்டுக்குத் திரும்பிக் காப்பி ஆறுவதற்குள் எழுதி முடித்தோம். விளம்பரம் ஏறத்தாழ இவ்வாறு இருந்தது:

"கூழ் வடகம், ஜவ்வரிசி வடகம், மோர் மிளகாய். செம்பூரில் மொட்டைமாடியில் மூன்று வெயில் காய்ந்தவை. மாசி முதல் வைகாசி வரை மட்டுமே போடுகிறோம். மழைக்காலத்தில் வெயில் இல்லை; ஆகவே வடகமும் இல்லை. ஒவ்வொரு ஈட்டிலும் பொரித்துப் பார்த்த பின்னரே விற்கிறோம். தீர்ந்துவிட்டால் அடுத்த மாசிதான்."

அம்மையாருக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. "தரமானதுன்னு ஒரு வார்த்தை போடலியே" என்று குறைப்பட்டார். மகள்தான் இருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு, "இது நீ பேசுற மாதிரியே இருக்கும்மா; விடு" என்றாள். அவ்வாண்டு பங்குனி முடியும் முன்பே வைகாசி வரைக்குமான வடகத்துக்கு முன்பணம் வந்துவிட்டது. மகள் இப்போது ஒரு மருத்துவமனையில் பணி செய்கிறாள். இதற்கு விளம்பரம் மட்டுமே காரணம் என்று நாம் பெருமை கொண்டாட மாட்டோம்; வடகம் நன்றாக இருந்தது.

இந்த வழி நாம் கண்டுபிடித்ததன்று. அமெரிக்காவில் கிளாட் ஹாப்கின்ஸ் என்ற விளம்பர எழுத்தாளர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதனைச் செய்து காட்டினார். மில்வாக்கி நகரத்து ஷ்லிட்ஸ் என்ற பீர் நிறுவனத்துக்கு எழுத அவரை அமர்த்தினார்கள். அக்காலத்தில் எல்லா நிறுவனங்களும் 'தூய்மையானது' என்ற ஒரே சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டிருந்தன. ஹாப்கின்ஸ் ஆலைக்குள் சென்று சுற்றிப் பார்த்தார். வடிகட்டிய காற்று நிரம்பிய கண்ணாடி அறைகளையும், மிக ஆழமான கிணறுகளையும், புட்டிகளை நான்கு முறை கழுவுவதையும் கண்டு வியந்து, இவற்றையெல்லாம் ஏன் மக்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டார். எல்லா ஆலைகளிலும் இப்படித்தான் செய்கிறார்கள், இதில் என்ன புதுமை என்றார்கள் அவர்கள். ஆனால் ஒருவரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. ஹாப்கின்ஸ் சொன்னார். ஐந்தாம் இடத்திலிருந்த நிறுவனம் சில மாதங்களில் முதலிடத்தோடு சமமாக நின்றது என்று 1927-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதுகிறார். பொருள் மதுவாயிற்றே என்று நம் குடும்பத்துப் பெரியோர் முகம் சுளிக்க வேண்டா; புட்டி கழுவிய செய்தியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

1958-இல் டேவிட் ஓகில்வி ரோல்ஸ்ராய்ஸ் காருக்கு எழுதிய விளம்பரம் இத்தொழிலில் உள்ளோர் அனைவரும் அறிந்தது. மணிக்கு 60 மைல் வேகத்தில் அந்தக் காருக்குள் கேட்கும் பெரிய ஓசை அதன் மின்கடிகாரத்தின் ஓசைதான் என்பது அதன் தலைப்பின் கருத்து. இது வானத்திலிருந்து இறங்கிய கற்பனை அன்று. காரைப் பற்றிய குறிப்புகளை மூன்று வாரங்கள் படித்தார். அவற்றில் ஒரு மோட்டார் பத்திரிகையாளர் எழுதியிருந்த செய்தி அகப்பட்டது. மூன்று வாரம் படிப்பு, ஒரு வரி எழுத்து! அவரே 1955-இல் எழுதிய ஒரு கடிதத்தில், தாம் அலுவலகத்தில் அமர்ந்து ஒரு விளம்பரமும் எழுதியதில்லை என்றும், எழுத வராத இரவில் ரம் அருந்திக்கொண்டு ஹாண்டெலின் இசைத்தட்டைக் கேட்டால் சொற்கள் பெருகும் என்றும் வேடிக்கையாகச் சொல்கிறார். 1949-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த இந்நகரத்துத் தமிழருக்கு இம்முறை ஒத்துவராது. ஆயினும் மூன்று வாரப் படிப்பு எல்லா மதத்தினருக்கும் ஆகும்.

பொருளை அறிந்த பின்னும் பேனா நிற்பதுண்டு. அப்போது ஆராய வேண்டியது, யாருக்கு எழுதுகிறோம் என்பதை. 'பொதுமக்களுக்கு' என்று விடை வந்தால் அதுதான் நோய். பொதுமக்கள் என்று ஒருவர் எந்த வீட்டிலும் இல்லை. நம் தமிழ்ப் பிரிவுக்கு ஒருமுறை ஒரு பிரஷர் குக்கருக்கான ஆங்கில வாசகம் வந்தது. உலோகத்தின் கனம், கைப்பிடியின் வடிவம், எரிபொருள் மிச்சம் என்று ஒன்பது சிறப்புகள். இரண்டு நாட்கள் அதைத் தமிழாக்க முயன்றோம். தமிழாகவும் இல்லை, ஆக்கமாகவும் இல்லை. மூன்றாம் நாள் அந்தத் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, கும்பகோணத்தில் புதிதாகக் குடித்தனம் தொடங்கியிருந்த நம் தங்கைக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினோம். அவளுக்குக் குக்கர் என்றாலே நடுக்கம். விசில் வந்தால் கூடத்துக்கு ஓடிவிடுவாள். ஒன்பது சிறப்புகளில் அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: அழுத்தம் மிகுந்தால் சேஃப்டி வால்வு தானே திறந்து ஆவியை வெளியேற்றிவிடும், மூடி பறக்காது. "விசில் வந்தால் ஓடாதே, அது பயமுறுத்தவில்லை, வெந்துவிட்டது என்று சொல்கிறது" என்று கடிதம் போயிற்று. மேலே 'அன்புள்ள தங்கைக்கு' என்பதையும் கீழே நம் கையொப்பத்தையும் நீக்கினோம். நடுவில் இருந்தது விளம்பரமாயிற்று.

எழுதுவோன் தோளுக்குப் பின்னால் வேறொருவர் நின்றுகொண்டிருப்பதும் உண்டு. அவர்தாம் முதலாளி. வாங்கப்போகிறவரை மறந்து, பணம் கொடுப்பவர் மகிழ வேண்டுமே என்று எழுதத் தொடங்கினால், 'எங்கள் நிறுவனம் பல்லாண்டுகளாக' என்று முதல் வரி வந்து நிற்கும், அதற்கப்பால் நகராது. முதலாளியையே பேசவைத்து எழுதிக்கொள்வது இதற்கு ஒரு பரிகாரம். "எழுதித் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். "நேற்றுக் கடைக்கு வந்தவர் என்ன கேட்டார்? நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று கேளுங்கள். துவரம்பருப்பின் வரலாறு தானே வரும். இப்போது கைத்தொலைபேசியில் பேச்சைப் பதிவு செய்யும் வசதியும் இருக்கிறது. நம் காலத்தில் பென்சிலை ஓட ஓட விரட்டினோம்.

இவையெல்லாம் செய்தும் பேனா அசையாமல் நிற்பது ஒரு சமயம் உண்டு. அதை நாம் மருந்து கொடுத்துத் தீர்க்க முயலக்கூடாது என்பது நம் கருத்து. தொண்ணூறுகளில் ஒரு லேகியத்துக்குத் தமிழ் விளம்பரம் எழுதும் பணி நம்மிடம் வந்தது. நீரிழிவை வேரோடு களையும் என்பது தயாரிப்பாளர் கூறிய செய்தி. உட்கார்ந்தோம்; ஒரு வரியும் வரவில்லை. பொருளைப் பற்றிக் கேட்போம் என்று வழக்கம்போலப் புறப்பட்டோம். யார் உண்டு குணமடைந்தார், எந்த மருத்துவர் சோதித்தார், அதற்கு எழுத்துமூலமான சான்று எங்கே என்று மூன்று கேள்விகள் கேட்டோம். வந்திருந்த முகவர் நம்மைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. "நீங்கள் எழுதுபவரா, வக்கீலா?" என்றார். நாம் நம் மேலாளரிடம் சென்று, 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயப் பரிகாரங்கள் சட்டத்தின் அட்டவணையில் நீரிழிவு இருக்கிறது. அதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம் என்று சொன்னோம். நிலையத்துக்கு விளம்பரத் தொகையில் 15 விழுக்காடு தரகு. அந்த லேகியம் ஓர் ஆண்டுக்கு மூன்று மொழிகளில் வருவதாக இருந்தது. மேலாளர் நெடுநேரம் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டிலும் இருவர் நீரிழிவுக்காரர்கள் என்பது நமக்குத் தெரியும். பிறகு முகவரை அழைத்து, சான்றுகளோடு வரும்படி சொல்லி அனுப்பினார். முகவர் திரும்பி வரவில்லை. அந்த ஆண்டு தீபாவளிக்கு நம் பிரிவினருக்கு வர வேண்டிய ஊக்கத்தொகை வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சக ஊழியர் சிலர் ஒரு மாதம் நம்மோடு காப்பி அருந்தவில்லை.

அன்று எழுத வராமற்போனது சோம்பலால் அன்று. சொல்லச் சொன்னது உண்மையன்று என்பதைப் பேனா நம்மினும் முந்தி அறிந்துகொண்டது. இன்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம். வீட்டில் சத்துமாவும் மூலிகைத் தைலமும் செய்து விற்கும் நம் சகோதரிகள் இதனை மனத்தில் கொள்வது நலம். சத்துமாவில் எத்தனை தானியம் என்று எழுதலாம். எத்தனை நோய் தீரும் என்று எழுத வேண்டா.

செய்தியும் கிடைத்து, ஆளும் தெரிந்து, உண்மையும் உறுதியான பின் வடிவம் மட்டும் பிடிபடாவிட்டால், தாளை மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பதே நல்லது. 1940-இல் ஜேம்ஸ் வெப் யங் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் எழுதிய சிறு நூலும் இதையே கூறுகிறது: நிரம்பத் திரட்டு, நன்றாக மென்று பார், பின்பு மறந்துவிடு, எண்ணம் தானே வந்து கதவைத் தட்டும் என்பது அதன் சாரம். ஆனால் திரட்டாமலே மறந்துவிடுகிறவர்களுக்கு ஒன்றும் தட்டாது. நமக்கு அந்தத் தட்டல் பெரும்பாலும் மின்சார ரயிலில் கேட்டது. மாதுங்காவில் ஏறி, தாதரில் நசுங்கி, பைகுல்லாவைத் தாண்டும்போது சட்டைப்பையிலுள்ள பென்சிலை எடுக்கக் கையை அசைக்க இடமில்லாத நேரத்தில்தான் நல்ல வரிகள் வரும். மஸ்ஜித் நிலையத்தில் சற்று மூச்சுவிட முடிந்ததும் பயணச் சீட்டின் முதுகில் எழுதிக்கொள்வோம்.

இக்காலத்து இளைஞர்கள், "இவ்வளவு பாடு எதற்கு? கணினியிடம் சொன்னால் அரை நிமிடத்தில் பத்து விளம்பரம் எழுதித் தருகிறதே" என்கிறார்கள். நாமும் பேரனின் உதவியால் கேட்டுப் பார்த்தோம். வடகத்துக்கு விளம்பரம் வேண்டும் என்றோம். பிழையில்லாத தமிழில், கைமணம், பாரம்பரியம், தரம், சுவை எல்லாம் மணி மணியாக வந்தன. நாம் நான்கு நாட்கள் எழுதி எழுதி அடித்தவை அவை! மழைக்காலத்தில் வடகம் இல்லை என்பது அதற்குத் தெரியாது. அது மொட்டைமாடிக்குப் போகவில்லை. போய்வந்து அதனிடம் சொன்னால் ஒருவேளை நன்றாகவே எழுதும். போய்வருவது யார் என்பதுதான் கேள்வி.

நம்போன்று வெளிமாநிலத்தில் வாழும் குடும்பங்களுக்கு மட்டும் உரிய ஒரு செய்தி உண்டு. நம் இல்லங்களில் தமிழ் மலரைக் கையில் எடுத்துப் படிப்பவர் பாட்டி. தொலைபேசியில் அழைத்துப் பொருளை வரவழைப்பவர் பேரனோ மருமகளோ. அவர்களுள் பலருக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், எழுத்து தெரியாது. ஆகவே இங்கே தமிழ் விளம்பரம் கண்ணுக்கு எழுதப்படுவதன்று, காதுக்கு எழுதப்படுவது. பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படிக்கும்போது, கூடத்தில் இருப்பவருக்கு ஒரே மூச்சில் விளங்க வேண்டும். எழுதியதை நாமே வாய்விட்டுப் படித்தால், நா எங்கே தடுக்குகிறதோ அந்த இடத்தில் பொய்யோ வீண்சொல்லோ மொழிபெயர்ப்போ ஒளிந்திருப்பதைக் காணலாம். வடக அம்மையாரை அழைப்பவர்களில் பலர் இந்தி கலந்த தமிழில் பேசும் இளையோர் என்றும், விலையைக் கேட்பதற்கு முன், "இந்த வருஷம் வெயில் நன்றாக இருக்கிறதா, ஆன்ட்டி?" என்று விசாரிக்கிறார்கள் என்றும் அவர் நம்மிடம் சொல்லியிருக்கிறார்.

இவ்வாண்டு மலருக்கு எழுத உட்காரும் அன்பர்கள், கால் பக்கத்துக்கு நாற்பது சொற்கள் போதும் என்பதை அறிக. தலைப்பு வரவில்லையென்று காத்திராமல், கடை இருக்கும் தெரு, திறக்கும் நேரம், விலை ஆகிய ஐயமற்ற செய்திகளை முதலில் எழுதிவிடலாம். பேனா சூடேற அவை உதவும். தொலைபேசி எண்ணை மட்டும் சற்றுப் பெரிய எழுத்தில் இடச் சொல்லுங்கள். பாட்டி எட்டையும் மூன்றையும் மாற்றிப் படித்துவிடுகிறார்.